மாணவராக வெளிநாடு போய் அங்கேயே பதிவு பெற்ற மருந்தாளுநர் ஆக முடியுமா?

கேள்வி இது: மாணவர் விசாவில் போய், அங்கே ஃபார்மசி படித்து, அந்த நாட்டிலேயே பதிவு பெற்ற பார்மசிஸ்டாக வேலை பார்க்க முடியுமா? எந்தப் படிப்பில் சேர வேண்டும், எவ்வளவு காலம் பிடிக்கும், எங்கே சறுக்கும்?

முடியும். ஆனால் பெரும்பாலானோர் "எந்தப் பல்கலைக்கழகம்?" என்பதில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அந்த நாட்டின் மருந்தாளுநர் கவுன்சில். பிரிட்டனில் ஜெனரல் ஃபார்மசூட்டிக்கல் கவுன்சில், சுருக்கமாக ஜிபிஎச்சி. ஆஸ்திரேலியாவில் ஃபார்மசி போர்டு. கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் அமைப்பு, பெரும்பாலும் 'கல்லூரி' என்ற பெயரில். அது பாடம் நடத்தும் கல்லூரி அல்ல, பதிவு தரும் அமைப்பு. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும், பார்மசிஸ்ட் என்ற உரிமையைக் கவுன்சில்தான் தரும்.

எந்த நாடானாலும் மூன்று படிகள் இருக்கும். கவுன்சில் அங்கீகரித்த பட்டம், மேற்பார்வையாளரின் கீழ், பெரும்பாலும் சம்பளத்தோடு, செய்யும் பயிற்சிக் காலம், அதன்பின் அல்லது அதன் நடுவே பதிவுத் தேர்வு. இந்த மூன்றும் முடியும்வரை அந்த நாட்டில் தங்க விசா இருக்க வேண்டும். தேர்வைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் ஆளைச் சிக்கவைப்பது நடுவில் உள்ள பயிற்சியிடமும், அதற்கான விசாவும்.

முதலில் தவறான படிப்புகள்

"எம்எஸ்சி கிளினிக்கல் ஃபார்மசி", "எம்எஸ்சி ஃபார்மசூட்டிக்கல் சயின்ஸ்", "எம்எஸ்சி ட்ரக் டிஸ்கவரி" போன்ற படிப்புகள் எதுவும் பதிவுக்கு வழி திறக்காது. ஆராய்ச்சிக்கோ மருந்துத் தொழிற்சாலை வேலைக்கோ உதவும் நல்ல படிப்புகளாக அவை இருக்கலாம். ஆனால் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் பொறுப்பான பார்மசிஸ்டாக நிற்க அவற்றை வைத்து முடியாது. கனடாவில் பாடம் நடத்தும் கல்லூரிகள் தரும் ஓராண்டு, ஈராண்டு சான்றிதழ்களும், ஃபார்மசி டெக்னீஷியன் டிப்ளமோவும் அப்படித்தான். டெக்னீஷியன் என்பது தனிப் பதிவு, தனி வேலை.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் ஏஜென்ட்டுகளுக்கு வசதியாக அமைந்துவிட்டது. பிரிட்டனில் எம்ஃபார்ம் என்பது பள்ளி முடித்ததும் சேரும் நான்காண்டு முதல் பட்டம். இந்தியாவில் எம்.ஃபார்ம் என்பது பி.ஃபார்முக்கு மேல் படிக்கும் இரண்டாண்டு முதுநிலை. "ஒரே வருஷத்தில் யுகேயில் மாஸ்டர்ஸ், பிறகு பார்மசிஸ்ட்" என்று யாராவது சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஜிபிஎச்சியின் அங்கீகாரப் பட்டியலில் இந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா? அந்தப் பட்டியல் கவுன்சிலின் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும்.

பிரிட்டன்: இரண்டு வாசல்கள்

ஜிபிஎச்சி இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொறுப்பு. வட அயர்லாந்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவருக்கு வாசல் நான்காண்டு எம்ஃபார்ம். வேதியியல் கட்டாயம், மதிப்பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும். அதன்பின் 52 வாரப் பயிற்சி, பதிவுத் தேர்வு, பிறகு பதிவு. ஆக, தடங்கல் இல்லாமல் போனால் ஐந்து ஆண்டுகள். எம்ஃபார்ம் தொடங்கியதிலிருந்து 8 ஆண்டுகளுக்குள் பதிவை முடித்தாக வேண்டும் என்ற வரம்பும் உண்டு.

ஏற்கெனவே வேறு நாட்டில் பட்டம் பெற்றுப் பார்மசிஸ்டாகத் தகுதியடைந்தவருக்கு வாசல் வேறு. ஓவர்சீஸ் ஃபார்மசிஸ்ட்ஸ் அசெஸ்மென்ட் புரோகிராம் என்ற ஓராண்டுப் படிப்பு. எல்லோரும் ஓஸ்பாப் என்பார்கள். பிரைட்டன், சண்டர்லாந்து, ஹெர்ட்ஃபர்ட்ஷயர், ஆஸ்டன் பல்கலைக்கழகங்கள் இதை நடத்தி வந்திருக்கின்றன. இதில் வரிசை மாறக் கூடாது. முதலில் ஜிபிஎச்சியிடம் விண்ணப்பித்து, "இவர் ஓஸ்பாப் படிக்கத் தகுதியானவர்" என்ற முடிவை வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இடம் அதற்குப் பிறகுதான் உறுதியாகும். ஓஸ்பாப்புக்குப் பிறகும் அதே 52 வாரப் பயிற்சி, அதே தேர்வு. இந்த வழிக்குக் கால வரம்பு இன்னும் இறுக்கம்: ஓஸ்பாப் தொடங்கி நான்கு ஆண்டுகள்.

ஜிபிஎச்சி கேட்கும் காகிதங்களில் மூன்று இடத்தில் கோப்பு நின்றுவிடும். ஒன்று, மதிப்பெண் பட்டியல். வெறும் மதிப்பெண் போதாது. எந்த ஆண்டில் எந்தப் பாடம், எத்தனை மணி நேரம் என்ற விவரத்தோடு பல்கலைக்கழகமே தர வேண்டியிருக்கும், அந்த அலுவலகத்தில் இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இரண்டு, சொந்த நாட்டுக் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்று. இதன் ஆயுள் குறைவு, அதனால் மற்ற எல்லாம் கைக்கு வந்தபிறகு கடைசியாக வாங்குங்கள். சீக்கிரமே வாங்கி வைத்தவர்கள் இன்னொரு முறை அலைய வேண்டிவரும். மூன்று, பெயர். பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதிய இன்னொரு பெயர், திருமணத்துக்குப் பின் மூன்றாவது பெயர் என்று இருந்தால், மூன்றும் ஒருவரே என்பதற்கான ஆவணத்தை விண்ணப்பத்தோடு முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அவர்களே கேட்கட்டும் என்று காத்திருந்தால் ஒரு சேர்க்கைப் பருவமே போய்விடும்.

ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ் அகாடமிக் என்றால் படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் நான்கிலும் தனித்தனியாக 7 வேண்டும். சராசரி 7.5 வந்தும் எழுதுதலில் 6.5 வாங்கியதால் நின்றுபோகிறவர்கள் நிறைய. ஓஈடி தேர்வில் நான்கிலும் 'பி' தரம் வாங்கினாலும் ஏற்கிறார்கள். மருத்துவத் துறைச் சொற்களும் கடிதங்களும் கொண்ட தேர்வு அது. எழுதுதலில் திரும்பத் திரும்ப அரை மதிப்பெண்ணில் தவறுகிறவர்கள் ஓஈடி பக்கம் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

பயிற்சி ஆண்டு: முடிச்சு இங்கேதான்

ஃபவுண்டேஷன் டிரெய்னிங் என்று இப்போது சொல்கிறார்கள். 2021 வரை ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் என்ற பெயர். மொத்தம் 52 வாரம். மருத்துவமனை, சமூக மருந்துக்கடை, அல்லது இரண்டும் கலந்து செய்யலாம். உங்கள் பெயருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். 13, 26, 39ஆவது வாரங்களில் உங்கள் முன்னேற்றத்தைப் பதிவு செய்வார். 39ஆவது வார அறிக்கை திருப்தியாக இல்லையென்றால் பதிவுத் தேர்வில் உட்காரவே முடியாது. மேற்பார்வையாளரோடு மனஸ்தாபம் இருந்தால் 13ஆவது வாரத்திலேயே பேசித் தீர்ப்பது அல்லது மாற்றம் கேட்பது நல்லது. 38ஆவது வாரத்தில் பேசினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பயிற்சியிடங்கள் ஓரியல் என்ற தேசிய இணையத் தளம் வழியாக நிரப்பப்படுகின்றன. பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் கோடையிலேயே விண்ணப்பம் திறக்கும். இலையுதிர் காலத்தில் மதிப்பீடு நடக்கும். தரவரிசையும் நீங்கள் கொடுத்த விருப்ப வரிசையும் பொருந்தும் இடம் கிடைக்கும். எம்ஃபார்ம் மாணவருக்கு இது மூன்றாம் ஆண்டு முடிவில் வரும். சீனியர்கள், துறை ஆசிரியர்கள் எல்லோரும் நினைவூட்டுவார்கள். ஓஸ்பாப் மாணவருக்கு நிலைமையே வேறு. படிப்பே ஓராண்டுதான். விமானம் ஏறுவதற்கு முன்போ, இறங்கிய கையோடோ இந்தச் சாளரம் திறந்து மூடிவிடும். வீடு பார்க்கவும் வங்கிக் கணக்குத் திறக்கவும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஓரியல் தேதியைத் தவறவிட்டால் படிப்பு முடிந்து ஓராண்டு சும்மா இருக்க நேரலாம். ஓஸ்பாப் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே ஓரியல் தேதிகளையும் குறித்து வையுங்கள்.

விருப்ப வரிசை போடும்போது எல்லோரும் லண்டன் என்று போடுவார்கள். அங்கே போட்டி அதிகம், வாடகையும் அதிகம். ஸ்பான்சர் செய்யும் உரிமம், அதாவது வெளிநாட்டவரின் வேலை விசாவுக்குப் பொறுப்பேற்கும் உரிமம், உள்ள இடமா என்பதுதான் வெளிநாட்டு மாணவர் முதலில் பார்க்க வேண்டியது. டிரஸ்ட் எனப்படும் பெரிய அரசு மருத்துவமனை அமைப்புகளுக்கும் பெரிய கடைத் தொடர்களுக்கும் உரிமம் இருக்க வாய்ப்பு அதிகம். ஒற்றைக் கடை வைத்திருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உரிமம் இல்லையென்றால் உங்களுக்கு விசா தர முடியாது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் உள்துறை வெளியிடுகிறது. அதில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வரிசைப்படுத்துங்கள். உரிமம் இருப்பதும், பயிற்சியாளருக்கு ஸ்பான்சர் செய்வதும் வேறு வேறு. பயிற்சியாளர் சம்பளம் முழுப் பார்மசிஸ்ட் சம்பளத்தைவிடக் குறைவு என்பதால், விசாவுக்கான சம்பள வரம்பை அது தொடுகிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த வரம்பு அடிக்கடி மாறுகிறது.

எம்ஃபார்ம் முடித்தவருக்கு இன்னொரு வழி கிராஜுவேட் விசா. ஸ்பான்சர் தேவையில்லை. இதுவரை 2 ஆண்டு கொடுத்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்கு 18 மாதம்தான். இந்தக் குறைப்பின் விளைவை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் விசா கிடைத்துப் பயிற்சி தொடங்குகிறது என்போம். அடுத்த ஜூனில் தேர்வு. தேறினால் கவலையில்லை; பதிவு பெற்று, மீதியுள்ள மாதங்களில் ஸ்பான்சரைத் தேடலாம். தவறினால் அடுத்த வாய்ப்பு நவம்பரில். முடிவு வர டிசம்பர் வாக்கில் ஆகும். விசா பிப்ரவரியில் முடிகிறது. நவம்பரில் தேறினாலும், வேலை தேடி, ஸ்பான்சர் கடிதம் வாங்கி, விசா மாற்ற இரண்டு மாதம் மட்டுமே மிஞ்சும். அதனால் பயிற்சி நடக்கும் இடத்திலேயே "பதிவுக்குப் பின் வேலை தருவீர்களா, ஸ்பான்சர் செய்வீர்களா?" என்று ஆறாவது மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

கிராஜுவேட் விசா பட்டத்துக்குத் தரப்படுவது. முதுநிலை டிப்ளமோவோடு நிற்கும் ஓஸ்பாப்பை நம்பி அந்த விசாவைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். ஸ்பான்சர் விசா மட்டுமே கணக்கு. மாணவர் விசாவில் இருக்கும்போது பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. அந்த 20 மணி நேரத்தை உணவகத்தில் போடுவதைவிட மருந்துக்கடை கவுண்டரில் போட்டால் பின்னால் பலன் உண்டு. சம்பளம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் மருந்துச் சீட்டு எப்படி வருகிறது, என்ன கேள்வி கேட்டுக் கொடுக்கிறார்கள், நோயாளி எந்த உச்சரிப்பில் பேசுகிறார் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் கிடையாது.

தேர்வு

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் நவம்பரிலும். ஒரே நாளில் இரண்டு தாள். முதல் தாள் கணக்கு மட்டும்: 40 கேள்வி, 2 மணி நேரம். விடையை எண்ணாகப் பெட்டியில் எழுத வேண்டும். தேர்ந்தெடுக்க வாய்ப்புகள் கிடையாது, வழிமுறைக்கு மதிப்பெண்ணும் கிடையாது. இரண்டாம் தாள் 120 கேள்வி, இரண்டரை மணி நேரம். அதில் 90 கேள்விகளில் ஐந்து விடைகளில் மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர வேண்டும். 30 கேள்விகளுக்கு ஒரு பொதுவான பட்டியலிலிருந்து விடையைப் பொருத்த வேண்டும். இரண்டு தாளிலும் ஒரே அமர்வில் தேற வேண்டும். ஒன்றில் தேறி மற்றொன்றில் தவறினால் அடுத்த முறை இரண்டையும் எழுத வேண்டும். மொத்தம் மூன்று வாய்ப்பு.

கணக்குத் தாளில் கணிதம் கடினமாக இருக்காது. அலகு மாற்றும் இடத்திலும், கேள்வியைப் படிக்கும் இடத்திலும்தான் விழுவார்கள். ஒரு மாதிரி: 70 கிலோ எடையுள்ள நோயாளிக்கு டோபமின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 250 மி.லி. கரைசலில் 400 மில்லிகிராம் டோபமின் இருக்கிறது. பம்ப் வேகம் மணிக்கு எத்தனை மி.லி.?

5 × 70 = நிமிடத்துக்கு 350 மைக்ரோகிராம். 60ஆல் பெருக்க, மணிக்கு 21,000 மைக்ரோகிராம், அதாவது 21 மில்லிகிராம். கரைசலின் அடர்வு 400 ÷ 250 = மி.லி.க்கு 1.6 மில்லிகிராம். 21 ÷ 1.6 = 13.125. ஒரு தசம இடத்துக்கு விடை கேட்டால் 13.1. 60ஆல் பெருக்க மறந்தவர் 0.2 எழுதுவார், மைக்ரோவை மில்லியாக மாற்ற மறந்தவர் 13,125 எழுதுவார். மணிக்கு 13 லிட்டர் யாருக்கும் ஏற்ற முடியாது என்று ஒரு நொடி யோசித்தாலே இரண்டாவது தவறு பிடிபடும். விடை எழுதியதும் "இது நடக்கிற காரியமா?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் இந்தத் தாளில் பல மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

இன்னொரு வகை, மாத்திரை எண்ணிக்கை. பிரெட்னிசலோன் தினமும் 40 மில்லிகிராம் 7 நாள். அதன்பின் 3 நாளுக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் குறைத்து நிறுத்த வேண்டும். கையில் இருப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. மொத்தம் எத்தனை? முதல் வாரம் 8 × 7 = 56. பிறகு 35, 30, 25, 20, 15, 10, 5 ஆகிய ஏழு படிகள். கூட்டினால் 140 மில்லிகிராம். ஒவ்வொரு படியும் 3 நாள் என்பதால் 420 மில்லிகிராம், 84 மாத்திரை. மொத்தம் 140. இதில் பலர் 40ஐ இன்னொரு 3 நாளுக்குச் சேர்த்துக்கொண்டு 164 என்பார்கள். அல்லது கடைசி 5ஐ விட்டுவிட்டு 137 என்பார்கள். படிகளைத் தாளில் வரிசையாக எழுதினால் தவறாது. மனதில் போட்டால் நிச்சயம் தவறும்.

இரண்டாம் தாளில் இதயம்-ரத்தக் குழாய், நரம்பு மண்டலம், தொற்று, நாளமில்லாச் சுரப்பிகள் ஆகிய பகுதிகளுக்கு எடை அதிகம். ஆபத்து அதிகமுள்ள மருந்துகள் என்று ஒரு பட்டியலே உண்டு: ரத்த உறைவுத் தடுப்பிகள், இன்சுலின், மெத்தோட்ரெக்சேட், ஓபியாய்டுகள், வால்ப்ரோயேட் போன்றவை. இந்தப் பெயர்களைக் கேள்வியில் கண்டால் அளவு, இடைவினை, கண்காணிப்பு, கர்ப்பம் நான்கையும் மனதில் ஓட்டிப் பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை என்பதும், அதோடு ட்ரைமெத்தோப்ரிம் சேரக் கூடாது என்பதும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டிய செய்திகள்.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் மருந்தியலில் தடுமாறுவது குறைவு. அந்த நாட்டுச் சட்டத்தில்தான் தடுமாறுவார்கள். பிரிட்டனில் மார்பின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துக்கான சீட்டு 28 நாள்தான் செல்லும். சாதாரணச் சீட்டு 6 மாதம். குறைந்த அளவு கோடீன் கலந்த பாராசிட்டமால் மாத்திரையைப் பார்மசிஸ்ட் மேற்பார்வையில் சீட்டு இல்லாமலே விற்கலாம். ஆனால் பெட்டிக்கு 32 மாத்திரைக்கு மேல் கிடையாது, மூன்று நாளுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டும். இதே மாத்திரையை ஆஸ்திரேலியாவில் 2018 பிப்ரவரி 1 முதல் சீட்டு இல்லாமல் தர முடியாது. ஒரு நாட்டின் குறிப்பேட்டை வைத்து இன்னொரு நாட்டுத் தேர்வுக்குப் படிக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

2026 முதல் எம்ஃபார்ம் வழியில் பதிவு பெறுபவர்கள் பதிவு நாளிலிருந்தே மருந்து எழுதித் தரும் உரிமையும் பெறுகிறார்கள். அதற்காகப் பயிற்சி ஆண்டில் 90 மணி நேரம் மருந்தெழுதும் பயிற்சியும், அதற்கென்று தனி மேற்பார்வையாளரும் உண்டு. பயிற்சியிடம் தேடும்போது அந்த மேற்பார்வையாளர் ஏற்பாடாகி இருக்கிறாரா என்பதும் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

ஆஸ்திரேலியா

பள்ளி முடித்தவர் நான்காண்டு பி.ஃபார்ம் ஹானர்ஸில் சேரலாம். வேறு அறிவியல் பட்டம் இருந்தால் இரண்டாண்டு எம்.ஃபார்மும் பதிவுக்கு வழி. அதற்குப் பின் இன்டர்ன் ஆண்டு: மேற்பார்வையில் 1,575 மணி நேரம், கூடவே அங்கீகரிக்கப்பட்ட இன்டர்ன் பயிற்சித் திட்டம், 75 கேள்வி கொண்ட எழுத்துத் தேர்வு, ஃபார்மசி போர்டின் வாய்மொழித் தேர்வு. வாய்மொழித் தேர்வில் நோயாளியோடு பேசுவது, சட்டமும் அறமும், சீட்டில் உள்ள சிக்கலைக் கண்டுபிடித்து மருத்துவரிடம் சொல்வது ஆகியவை வரும். வேகமாகப் பதில் சொல்வதைவிட, முதலில் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள் என்பதைத்தான் தேர்வாளர் பார்ப்பார்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, மணி நேரக் கணக்கு. பயிற்சிக்காகப் போர்டு தரும் தற்காலிகப் பதிவு கையில் வந்து, மேற்பார்வையாளருக்கும் இடத்துக்கும் ஒப்புதல் கிடைத்த பிறகு செய்யும் வேலைதான் கணக்கில் சேரும். "நாளைக்கே வாங்க, பதிவு அப்புறம் வரும்" என்று கடைக்காரர் சொன்னால் அந்த வாரங்கள் வீண். இரண்டாவது, ஆங்கிலம். நான்கு ஆண்டு அங்கேயே ஆங்கிலத்தில் படித்திருந்தாலும், பள்ளிப் படிப்பு போர்டின் பட்டியலில் உள்ள நாட்டில் இல்லையென்றால் ஆங்கிலத் தேர்வு கேட்கப்படலாம். இறுதி ஆண்டு முடிந்தபிறகு இது தெரியவந்தால், தேர்வுத் தேதியும் முடிவும் சேர்ந்து இன்டர்ன் தொடக்கத்தைத் தள்ளிப்போடும். இறுதி ஆண்டின் நடுவிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் விசாவில் பாட நாட்களில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். இன்டர்ன் ஆண்டை பட்டதாரிகளுக்கான 485 விசாவில் செய்வதுதான் வழக்கம். 2024 ஜூலை முதல் அதற்கு வயது வரம்பு பெரும்பாலோருக்கு 35. முப்பத்து மூன்று வயதில் நான்காண்டுப் பட்டத்தில் சேர்கிறவர் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே பார்மசிஸ்டாக இருப்பவர் ஆஸ்திரேலியாவுக்கு மாணவராகப் போகத்தான் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பது என் கருத்து. ஆஸ்திரேலியன் ஃபார்மசி கவுன்சில் நடத்தும் ஓப்ரா தேர்வு இருக்கிறது. முன்பு கேப்ஸ் என்ற பெயரில் இரண்டு தாளாக இருந்ததற்கு மாற்றாக 2025இல் வந்தது. 120 கேள்வி, இரண்டரை மணி நேரம், ஏறக்குறைய பாதிக் கேள்விகள் சிகிச்சையும் நோயாளி பராமரிப்பும் பற்றியவை. இதைப் பல நாடுகளில் உள்ள கணினித் தேர்வு மையங்களிலேயே எழுதலாம். தேறியபின் தொழில் திறன் அடிப்படையிலான குடியேற்ற விசாவுக்கு முயன்று, இன்டர்ன் பயிற்சியை அங்கே போய்ச் செய்யலாம். நான்காண்டுக் கல்விக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. சிரமம் என்னவென்றால், இன்டர்னாக எடுத்துக்கொள்ளும் கடையைத் தூரத்திலிருந்து பிடிப்பது. பெருநகரங்களில் கிடைக்காத இடம் நாட்டின் உட்பகுதிச் சிற்றூர்களில் கிடைக்கலாம்.

கனடா, அமெரிக்கா

கனடாவில் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) படித்தால் நேராகத் தகுதித் தேர்வுக்குப் போகலாம். ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு இடங்கள் மிகக் குறைவு. வேறு நாட்டுப் பட்டம் இருந்தால் பீப்சி எனப்படும் தேர்வு வாரியத்தில் முதலில் ஆவணச் சரிபார்ப்பு, பிறகு மதிப்பீட்டுத் தேர்வு, பிறகு இரண்டு பகுதி கொண்ட தகுதித் தேர்வு. முதல் பகுதி பல விடைக் கேள்விகள். இரண்டாவது நடிக்கும் நோயாளிகளோடு நிலையம் நிலையமாகச் சென்று பேசும் ஆஸ்கி தேர்வு. அதன்மேல் மாகாணச் சட்டத் தேர்வும் செய்முறைப் பயிற்சியும். கியூபெக் மாகாணம் இந்த வரிசைக்கு வெளியே; அங்கே தனி அமைப்பு, மொழி பிரெஞ்சு. வேறு ஏதோ ஒரு படிப்பில் மாணவராகப் போய்க்கொண்டே பீப்சி தேர்வுகளை எழுதுகிறவர்கள் உண்டு. அந்தப் படிப்பு பதிவுக்கு எந்த வகையிலும் உதவாது, தங்குவதற்கான வழி மட்டுமே என்பதைப் புரிந்து செய்தால் தவறில்லை.

அமெரிக்காவில் ஒரு விதி பலருடைய திட்டத்தை முதல் பக்கத்திலேயே முடித்துவிடும். 2003 ஜனவரி 1க்குப் பின் பட்டம் பெற்ற வெளிநாட்டுப் பார்மசிஸ்டுகளின் ஃபார்மசி படிப்பு குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டமாக இருக்க வேண்டும். நான்காண்டு பி.ஃபார்ம் இதில் வராது. அதன்மேல் இரண்டாண்டு எம்.ஃபார்ம் சேர்த்தாலும் வராது, ஏனென்றால் அவர்கள் கணக்கிடுவது முதல் தொழில்முறைப் பட்டத்தை. ஆறாண்டு ஃபார்ம்.டி. இந்த வரம்பைத் தாண்டும். தகுதி உள்ளவருக்கு வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான எஃப்பிஜிஈஈ தேர்வு, டோஃபல் ஆங்கிலத் தேர்வு, பிறகு மாநிலத்தில் இன்டர்ன் மணி நேரம், நாப்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வு, பெரும்பாலான மாநிலங்களில் சட்டத் தேர்வு. டோஃபலில் பேசுதலுக்கு உயர்ந்த மதிப்பெண் கேட்பார்கள். பலர் மற்ற எல்லாம் முடித்துவிட்டு இந்த ஒன்றில் மாதக்கணக்கில் நிற்கிறார்கள். அங்கே எம்எஸ் படித்தாலும் இந்த வரிசையில் ஒரு படிகூடக் குறையாது.

பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் மூன்று பதில்களை எழுத்தில் வாங்கி வையுங்கள்: இந்தப் படிப்புக்குக் கவுன்சில் அங்கீகாரம் எந்த ஆண்டுவரை இருக்கிறது? கடந்த ஆண்டு முடித்த வெளிநாட்டு மாணவர்கள் பயிற்சியிடம் பெற்றது எந்த வழியில், எந்த விசாவில்? பயிற்சியிடம் தேடித் தருவது பல்கலைக்கழகத்தின் பொறுப்பா, மாணவரின் பொறுப்பா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அது மாணவரின் பொறுப்பு என்றே எடுத்துக்கொண்டு, சேரும் முன்பே ஸ்பான்சர் உரிமம் உள்ள இடங்களைத் தேடத் தொடங்குங்கள்.